தேறாது, திரும்பப் பண்ணு

ஒரு வேலையை அரைகுறையாகத் தெரிந்தவர்கள் செய்யும் தப்புகள் சிறியவை. யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். நன்றாகத் தெரிந்தவர்கள் செய்யும் தப்புகளுக்குத்தான் ஒரு பிரம்மாண்டம் உண்டு. நான் எப்போதுமே இரண்டாவது வகை. (தற்பெருமை என்று நினைப்பவர்கள் என் அம்மாவிடம் விசாரித்துக்கொள்ளலாம். 'பிரம்மாண்டம்' என்ற இடத்தில் அவள் இன்னும் இரண்டு வார்த்தை சேர்ப்பாள்.)

செம்பூரில் எங்கள் ஃப்ளாட்டின் பின்னறையில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்த விஜி என்கிற விஜயலக்ஷ்மி, அந்தக் காலத்தில் லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளத்தின் தீவிர பக்தை. மௌஸைத் தொடுவதையே ஒரு தோல்வியாகக் கருதியவள். மற்றவர்கள் படம் படமாக அழுத்திச் செய்யும் வேலையைக் கறுப்புத் திரையைத் திறந்து ஒரே வரியில் கட்டளை அடித்து முடித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். பெரும்பாலும் அப்பாதான் பார்த்திருப்பார். பேங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர். "இந்தக் கறுப்பு ஸ்க்ரீனை விட்டு நாங்க வெளில வந்து எத்தனையோ வருஷமாச்சு. நீ இப்போதான் உள்ள போயிண்டிருக்கே" என்பார். பாமரர்களின் பேச்சு என்று விட்டுவிடுவேன்.

அப்போதுதான் புது வேலை கிடைத்தது. புது ஆபீஸில் லினக்ஸ் கிடையாது. கையில் ஒரு மேக் லேப்டாப்பைக் கொடுத்தார்கள். பக்கத்து ஸீட்டில் இருந்த மராட்டிக்காரர் நல்ல மனுஷர். "விஜி, ஸம்ஹால்கே. இதுல கமாண்ட் எல்லாம் தோடா அலக் ஹை" என்று, கட்டளைகள் கொஞ்சம் வேறு, ஜாக்கிரதை என எச்சரித்தார். நான் சிரித்தேன். மேக்கின் பளபளப்பைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது லினக்ஸின் மூதாதையான யூனிக்ஸ்தான். அந்தக் கறுப்புத் திரையும் உண்டு, அதே கட்டளைகளும் உண்டு. எனக்கு யாராவது யூனிக்ஸ் சொல்லிக் கொடுப்பதா? பிறந்த வீட்டில் சமையலறை எங்கே என்று என்னிடமே சொல்வது போல அல்லவா இருக்கிறது?

(அந்த வீட்டில் யாரோ டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது.)

மேக்கில் எனக்குக் கிடைத்த புதையல், 'ஸே' என்ற கட்டளை. அதை அடித்து, பக்கத்தில் ஒரு வாக்கியத்தை எழுதினால் கம்ப்யூட்டர் அதை உரக்கச் சொல்லும். அதற்குத் தமிழ்க் குரலும் உண்டு என்று கண்டுபிடித்த அன்று நான் மத்தியானம் சாப்பிடவே இல்லை. கறாரான பெண் குரல். தாதர் ஸ்டேஷனில் ரயில் தாமதம் என்று சொல்லும் பெண்மணிக்கு ஒரு தங்கை இருந்து, அவள் தமிழ் மீடியத்தில் படித்திருந்தால் இப்படித்தான் பேசுவாள்.

உடனே அதற்கு ஒரு உத்தியோகம் கொடுத்தேன். எங்கள் ஆபீஸில் நாங்கள் எழுதும் ப்ரோக்ராமை ஆபீஸ் கம்ப்யூட்டர் சோதனை செய்துகொண்டே இருக்கும். தேறியதா, தேறவில்லையா என்று நாங்கள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். நான் ஏன் போய்ப் பார்க்க வேண்டும்? என் லேப்டாப்பே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது வரிசையாக ஓடும் கட்டளைகள், எழுதினேன். சோதனையில் தோற்றால், "தேறாது. திரும்பப் பண்ணு" என்று அந்தக் குரல் சொல்லும். ரொம்ப நேரமாக முடியாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், "எவ்வளவு நேரம்தான் உக்காந்திருப்பே?" என்று அலுத்துக்கொள்ளும். எல்லாம் தேறி, வாடிக்கையாளருக்கு அனுப்பலாம் என்ற நிலை வந்தால், "முடிஞ்சுது. அனுப்பிடலாம்."

மூன்றுமே நான் எழுதிய வசனங்கள். அப்போது ரொம்ப அழகாக இருந்தன.

பின்னறையில் லேப்டாப் பேசினால் சமையலறையில் கேட்காது. ஹாலில் சாமி அலமாரியில், அப்பா காலையில் சகஸ்ரநாமம் கேட்பதற்காக ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்திருந்தார். விநாயகர் படத்துக்குப் பின்னால், பூப்போட்ட துணி மூடி. பில்டிங் முழுவதற்கும் புண்ணியம் சேரட்டும் என்று சத்தத்தை எப்போதும் உச்சத்திலேயே வைத்திருப்பார். அதில் என் லேப்டாப்பை இணைத்தேன். இப்போது அடுப்படியில் நின்றுகொண்டே என் சோதனை தேறியதா என்று தெரிந்துகொள்ளலாம். அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "ரசம் கொதிக்கறச்சே தேறாது தேறாதுங்கறது. யாரைச் சொல்றதுன்னே தெரியலை" என்பாள்.

இந்த நிலையில்தான் ஹரீஷ் குடும்பம் என்னைப் பார்க்க வருவதாக முடிவாயிற்று.

ஹரீஷ் தாணேக்காரர். ஆடிட்டர். அவரை நான் ஏற்கனவே மாடுங்காவில் ஒரு ஹோட்டலில் சந்தித்திருந்தேன். ஒரு காபியோடு முடிக்கலாம் என்று போனவர்கள், இரண்டு தோசைக்கும் அப்புறம் எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தோம். அதிகம் பேசாதவர். ஆனால் நான் பேசுவதை இடையில் வெட்டாமல் முழுக்கக் கேட்ட முதல் ஆண். லினக்ஸைப் பற்றிக்கூடக் கேட்டார். (பின்னாளில், "ஒண்ணும் புரியலை, ஆனா நீ கையை ஆட்டறது நன்னா இருந்தது" என்று ஒப்புக்கொண்டார்.) எனக்குப் பிடித்துவிட்டது. அவருக்கும் என்று தோன்றியது. பெரியவர்கள் வந்து பார்த்து, பேசி, சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அது எங்கள் வீட்டில் சாதாரணப் பாக்கி இல்லை. அதற்கு முன் வந்த வரன்களை நான் விதவிதமாகத் தட்டிக் கழித்திருந்தேன். ஒருவரிடம் அவருடைய வேலையே இன்னும் சில வருஷத்தில் இருக்காது என்று விளக்கியிருக்கிறேன். "இந்தத் தடவை ஏதாவது கோளாறு பண்ணினே, நான் குருவாயூர் போய் உக்காந்துடுவேன்" என்று அம்மா சொல்லியிருந்தாள். இந்தத் தடவை கோளாறு பண்ணும் எண்ணமே எனக்கு இல்லை. என் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு பையன் குடும்பத்துக்காகப் புடவையை நானே தேர்ந்தெடுத்து, நானே இஸ்திரி போட்டேன்.

அவர்கள் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை, ஆபீஸில் பெரிய வேலை. திங்கட்கிழமை காலைக்குள் வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய ப்ரோக்ராம், வெள்ளிக்கிழமையிலிருந்து சோதனையில் தோற்றுக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் கடைசியாக இரண்டு திருத்தங்கள் செய்து, ஒன்று தோற்றால் அடுத்ததைச் சோதிக்கும்படி வரிசையில் அனுப்பினேன். அம்மா கேசரி கிண்டிக்கொண்டே கேட்டாள்:

"அந்தப் பேசற பீடையை ஆஃப் பண்ணிட்டியோன்னோ?"

"ஆஃப் எதுக்கும்மா? நாலு மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும் பேசாதேன்னு எழுதி வெச்சிருக்கேன். நேரத்தைப் பார்த்து அதுவே வாயை மூடிக்கும்."

"நீயே மூடிடேன்."

"நாமே மூடறதுன்னா மெஷின் எதுக்கு?"

அம்மா கரண்டியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்போது அர்த்தம் புரியவில்லை.

எழுதியதை ஓட்டிப் பார்த்தாயா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தேன். நேரம் பார்க்கும் அந்த இரண்டு வரிகளையும் என்னுடைய பழைய லினக்ஸ் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். அற்புதமாக வேலை செய்தது. அப்படியே நகலெடுத்து மேக்கில் போட்டேன். அம்மா கொடுத்த நகையைப் போட்டுக்கொண்டு தலை வாரப் போய்விட்டேன்.

நாலரை மணிக்கு வந்தார்கள். ஹரீஷ், அவருடைய அம்மா ஜெயா மாமி, அப்பா கணேசன் மாமா. மாமி பட்டுப்புடவையில், நிமிர்ந்த முதுகோடு, ஹாலுக்குள் வந்ததும் முதலில் சாமி அலமாரி முன்னால் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். "அலமாரி ரொம்ப லட்சணமா வெச்சிருக்கேள்" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது. கணேசன் மாமா நேரே கேசரிக்கு எதிரில் இருந்த நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பதும், அவர் சாப்பிடும் ஒவ்வொரு ஸ்பூனையும் மாமி ஓரக்கண்ணால் பார்ப்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் எல்லோரும் டிராஃபிக்கைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அப்பா, வழக்கம்போல, "எங்க விஜிக்குப் பாட்டெல்லாம் வராது" என்று முன்ஜாமீன் வாங்கினார்.

"அதனாலென்ன?" என்றார் ஜெயா மாமி. "எங்க ஹரீஷ் பாடுவான். ஞாயித்துக்கிழமை தவறாம கிளாஸ் போறான். ஹரீஷ், அந்தக் கல்யாணி பாடு."

பெண் பார்க்க வந்த இடத்தில் பையனைப் பாடச் சொன்ன வைபவம் எங்கள் பில்டிங்கிலேயே அதுதான் முதல் என்று நினைக்கிறேன். ஹரீஷ் என்னைப் பார்த்தார். காது சிவந்திருந்தது. ஆனால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பாட ஆரம்பித்துவிட்டார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். பல்லவி நன்றாக இருந்தது. அனுபல்லவியில் ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். சரணத்தில் மூச்சு போதவில்லை. ஆனாலும் அவ்வளவு சிரத்தையாக, வியர்க்க வியர்க்கப் பாடினார். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தார். அப்பா "பேஷ்" சொல்ல வாயைத் திறந்தார்.

சாமி அலமாரி முந்திக்கொண்டது.

"தேறாது. திரும்பப் பண்ணு."

உச்சக் குரலில். விநாயகர் படம் லேசாக அதிர்ந்ததை நான் பார்த்தேன்.

கணேசன் மாமாவின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. ஜெயா மாமி மெதுவாகக் கழுத்தைத் திருப்பி அலமாரியைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா யாரையும் பார்க்கவில்லை. அவள் அந்த நிமிஷமே மனசளவில் குருவாயூர் கிளம்பிவிட்டாள்.

ஹரீஷ் என்ன செய்தார் தெரியுமா? ஒரு விநாடி யோசித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பல்லவியிலிருந்து திரும்ப ஆரம்பித்தார்.

இதற்குப் பிறகு எத்தனையோ நடந்தது. ஆனால் இந்த மனுஷரைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் முடிவு செய்தது அந்த இடத்தில்தான். யார் சொன்னார்கள், எங்கிருந்து சொன்னார்கள் என்ற விசாரணை எதுவும் இல்லை. திரும்பப் பண்ணு என்றால் திரும்பப் பண்ண வேண்டியதுதான் என்று ஒரு மனசு.

அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே, "தண்ணி எடுத்துண்டு வரேன்" என்று முணுமுணுத்துவிட்டு நான் பின்னறைக்கு ஓடினேன்.

லேப்டாப் திரையில் ஒரே பிழைச் செய்தி, வரிசையாக. பார்த்ததுமே புரிந்தது. லினக்ஸில் 'டேட்' என்ற கட்டளையோடு 'மைனஸ் டி' என்று சேர்த்தால், நாம் எழுதிய நேரத்தை அது புரிந்துகொள்ளும். மேக்கிலும் 'டேட்' உண்டு. ஆனால் அதற்கு 'டி' என்று ஒரு எழுத்தே தெரியாதாம். நாலு மணி என்றால் என்ன என்று அதற்கு விளங்கவில்லை. நாலு மணி விளங்காத ஸ்கிரிப்ட், நமக்குத் தடை ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று தைரியமாகப் பேசிவிட்டது.

இந்த இடத்தில் சாதாரண மனிதர் என்ன செய்வார்? லேப்டாப்பை மூடுவார். மூடினால் அது தூங்கிவிடும்; கதை முடிந்தது. அல்லது மியூட் பட்டனைத் தட்டுவார். அது கீபோர்டின் மேல் வரிசையில், என் மோதிர விரலுக்கு நேர் எதிரே இருந்தது.

ஆனால் கண்ணெதிரே ஒரு பிழை இருக்கிறது. அதற்கு மருந்து எனக்குத் தெரியும். மேக்கின் 'டேட்'டிடம் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வரி மாற்றினால் போதும். அதற்கு ஃபைலைத் திறந்து, அந்த வரியைத் தேடி, அழித்து எழுதுவதெல்லாம் கத்துக்குட்டிகள் வேலை. 'ஸெட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதோடு 'மைனஸ் ஐ' சேர்த்து, இதை எடுத்துவிட்டு அதைப் போடு என்று சொன்னால், ஃபைலைத் திறக்காமலே உள்ளே போய் மாற்றிவிட்டு வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அடித்தேன். எண்டரைத் தட்டினேன். திரையைத் திரும்பிப் பார்க்காமல் எழுந்தேன். ஜெயிக்கிறவள் ஸ்கோர் போர்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

(மேக்கின் 'ஸெட்' வேறு. 'மைனஸ் ஐ' என்றால், பழைய ஃபைலின் நகலுக்கு என்ன பெயர் வைப்பது என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்று அது எதிர்பார்க்கும். நான் கொடுத்த திருத்தத்தை அது நகலின் பெயர் என்று எடுத்துக்கொண்டது. ஃபைலின் பெயரைத் திருத்தம் என்று எடுத்துக்கொண்டது. தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை என்று திரையில் ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. ஸ்கிரிப்ட் பழையபடியே இருந்தது.)

நான் ஹாலுக்குத் திரும்பியபோது இரண்டாவது கச்சேரி முடிந்திருந்தது. கையில் தண்ணீர் எடுத்து வர மறந்துவிட்டேன். அதை யாரும் கவனிக்கவில்லை. அப்பா விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பக்கத்து ஆத்து டிவி. சுவர் ரொம்ப மெல்லிசு."

"சாமி அலமாரிலேருந்து வந்தாப்ல இருந்ததே" என்றார் ஜெயா மாமி.

"அந்தச் சுவருக்குப் பின்னாலதான் அவா டிவி."

அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது வெளிப்புறம். இரண்டாவது மாடி. மாமிக்கு அது தெரிய வாய்ப்பில்லை என்று நினைத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

நான் அப்பாவுக்குக் கண்ணால் தைரியம் சொன்னேன். சரிபண்ணிட்டேன், இனிமேல் பிரச்னை இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். இப்படி ஒரு நெருக்கடியிலும் நிதானமாக ஒரே வரியில் பிரச்னையைத் தீர்க்கிற மருமகள் இவர்களுக்கு வேறு எங்கே கிடைப்பாள் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

கணேசன் மாமா பேச்சைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். தாணேயில் அவர் ஃப்ளாட் வாங்கிய கதை. "அப்போல்லாம் அங்க ஒண்ணும் கிடையாது, கேட்டேளா? சாயங்காலமானா நரி ஊளையிடும். இவள் ஒரே அழுகை. நான் சொன்னேன், ஜெயா, பொறு, ஒரு நாள் இங்க மால் வரும்னு…" என்று பில்டரிடம் போய், சாவி வாங்கி, பால் காய்ச்சி, லிஃப்ட் வராத வருஷங்களைக் கடந்து, சொஸைட்டித் தேர்தலுக்குள் நுழைந்தார். இரண்டாவது தட்டுக் கேசரியும் நுழைந்தது.

"…செக்ரட்டரி யாருங்கறதுதான் கேள்வி. நான் என்ன பண்ணினேன்…"

"எவ்வளவு நேரம்தான் உக்காந்திருப்பே?" என்றது விநாயகர் படம்.

மாமா நிறுத்தினார். தட்டைக் கீழே வைத்தார். பாவம், அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "நேரமாயிடுத்துதான்" என்றார்.

"ஐயோ, உக்காருங்கோ, உக்காருங்கோ" என்று அம்மா பதறினாள். "காபி கலக்கப் போறேன்."

"டிவி சீரியல்" என்றார் அப்பா. அவர் குரலே அதை நம்பவில்லை.

"என்ன சீரியல் அது?" என்றார் ஜெயா மாமி. "நாம பேசறதைக் கேட்டுண்டு பதில் சொல்றதே?"

ஹரீஷ் குனிந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா என்று பயந்தேன். பிறகு பார்த்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறார்.

நான் எழுந்து மறுபடி உள்ளே போக வேண்டும் என்று நினைத்தபோது காபி வந்துவிட்டது. காபியை நான்தான் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தேன். டபராவில் வழிந்தது வேறு விஷயம். ஜெயா மாமி ஒரு வாய் குடித்தார். முகம் இளகியது. எங்கள் அம்மாவின் காபிக்கு அந்தச் சக்தி உண்டு. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"வெளிப்படையாப் பேசறதுதான் என் வழக்கம். என்னமோ குரலெல்லாம் கேக்கறது உங்காத்துல. இருக்கட்டும். ஆனா பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்கும் இஷ்டம்னா மேல பேசலாம். என்ன சொல்றேள்?"

அம்மா கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"முடிஞ்சுது" என்றது அலமாரி. "அனுப்பிடலாம்."

இதுவரை நடந்ததற்கெல்லாம் மெஷின் மேல் பழி போடலாம். இதற்கடுத்து நடந்ததற்குப் பழி போட எனக்கு யாரும் இல்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து தோற்றுக்கொண்டிருந்த என் ப்ரோக்ராம் தேறிவிட்டது. அந்தச் செய்தி காதில் விழுந்ததும், மூளை வழியாகப் போகாமல் நேராகக் கைக்குப் போனது. நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, முஷ்டியை உயர்த்தி, "யெஸ்!" என்று கத்தினேன்.

வளையல் சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஜெயா மாமி டம்ளரை டபராவுக்குள் வைத்தார். மிக மெதுவாக. "அனுப்பிடலாம்னா…" என்றார், "யாரை?"

இனி டிவி சீரியலால் ஒன்றும் ஆகாது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீஸ், சோதனை, ஸ்கிரிப்ட், 'டேட்', 'மைனஸ் டி', லினக்ஸ், மேக், அலமாரியில் ஸ்பீக்கர். மூச்சு விடாமல், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். முடித்தபோது மாமியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பேசறது மெஷின்ங்கறே."

"ஆமாம் மாமி."

"நாங்க கிளம்பணும்னு மெஷினுக்கு ஆசை."

"இல்லை மாமி, அது ப்ரோக்ராமைச் சொன்னது."

"சரி. அந்த மெஷினை இங்க எடுத்துண்டு வா. என் முன்னால பேசட்டும்."

போய் எடுத்து வந்தேன். டீப்பாயில் கேசரித் தட்டை நகர்த்திவிட்டு வைத்தேன். பரீட்சைக்கு உட்கார்ந்தவள் போலத் தரையில் உட்கார்ந்து, "என்ன சொல்லணும் மாமி?" என்றேன்.

மாமி யோசித்தார். "ஜெயாவோட புடவை நன்னா இருக்குன்னு சொல்லச் சொல்லு."

அடித்தேன். ஒரு விநாடி. விநாயகர் படத்துக்குப் பின்னாலிருந்து கணீரென்று வந்தது: "ஜெயாவோட புடவை நன்னா இருக்கு."

மாமி அலமாரியைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். மூக்குத்தி அசைந்தது. ஒரு சின்ன சிரிப்பு, அடக்கப் பார்த்தும் அடங்காமல், ஒரு ஓரத்தில் எட்டிப் பார்த்தது. "முப்பது வருஷமா இவர் வாயிலேருந்து வராதது" என்றார்.

கணேசன் மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "விஜி, நான் சொல்றதையும் அடி. கணேசனுக்கு இன்னும் கொஞ்சம் கேசரி போடு."

அதுவும் கணீரென்று ஒலித்தது. மாமி அவரை முறைத்தார். "சாமி அலமாரிலேருந்து சொல்லிட்டா நான் என்ன பண்ண முடியும்?" என்றார் மாமா, அப்பாவியாகத் தட்டை நீட்டிக்கொண்டு. அம்மா கேசரி போட்டாள். அப்பா அன்று முதல் முறையாக மூச்சு விட்டார்.

இத்தனை களேபரத்திலும் ஹரீஷ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ரொம்ப மரியாதையாக. "இதுல மியூட் பட்டன் கிடையாதா?"

"இருக்கு" என்றேன்.

"ஓ" என்றார்.

லினக்ஸ் உலகத்தில் எனக்கு எத்தனையோ விமர்சனங்கள் வந்திருக்கின்றன. அந்த 'ஓ'வுக்கு இணையாக ஒன்றும் இல்லை.

சிரித்துக்கொண்டேதான் கிளம்பினார்கள். ஆனால் லிஃப்ட் கதவு மூடும்போது ஜெயா மாமி, "ஆத்துக்குப் போய் யோசிச்சுச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். காபி குடிக்கும்போது 'மேல பேசலாம்' என்றவர், இப்போது 'யோசிச்சுச் சொல்றோம்' என்கிறார். அந்த வித்தியாசம் அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை. அப்பாவிடம் பேசுவது போல என்னைத் திட்டினாள். "சிலபேருக்கு எல்லாம் தெரியும். வாயை மூடத்தான் தெரியாது." நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த ப்ரோக்ராமை வாடிக்கையாளருக்கு அனுப்பினேன். சந்தோஷமே இல்லை. போனை மேஜை மேல் வைத்துவிட்டு, அது அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நாள் மட்டும் என் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இருந்தது.

திங்கட்கிழமை காலை போன் வந்தது. அம்மாவுக்கு இல்லை, எனக்கு. ஜெயா மாமி.

"விஜி, ஒரு சந்தேகம். அந்தக் குரலை என் போனுக்கு அனுப்ப முடியுமோ?"

"அனுப்பலாம் மாமி. என்ன சொல்லணும்?"

"எழுந்திருங்கோ, வாக்கிங் போங்கோன்னு. நான் சொன்னா இவர் காதுலயே போட்டுக்கறதில்லை. அன்னிக்கு அந்த மெஷின் நேரமாச்சுன்னதும் எப்படித் தட்டைக் கீழே வெச்சார் பாத்தியோ?"

"பண்ணி அனுப்பறேன் மாமி."

"ம்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம், ஜூன்ல ரெண்டு மூணு முகூர்த்தம் இருக்கு. உங்கம்மாகிட்ட போனைக் கொடு."

அம்மா போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது குருவாயூர் யாத்திரை ரத்தாகியிருந்தது.

கல்யாணமாகித் தாணேக்கு வந்த பிறகு, மேக்கின் கட்டளைகளை நான் ஒழுங்காகப் படித்துக்கொண்டேன். இப்போது எங்கே எந்த டப்பா இருக்கிறது என்று எனக்கு அத்துப்படி. ஆனாலும் சொல்கிறேன், என் லாஜிக்கில் பிழை இல்லை. 'மைனஸ் டி' என்பது எல்லா இடத்திலும் 'மைனஸ் டி'யாக இருக்க வேண்டும் என்பதே இன்றும் என் நிலைப்பாடு. இதை நான் சொல்ல ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு புதுப் பழக்கம் நிலைத்துவிட்டது. எந்த விசேஷத்திலும் ஹரீஷ் பாடி முடித்தால் கைதட்டல் கிடையாது. வந்திருக்கும் உறவு முழுவதும், சின்னது பெரியது எல்லாம், ஒரே குரலில் "தேறாது, திரும்பப் பண்ணு!" என்று கத்தும். என் நாத்தனார் குழந்தைகளுக்கு இதன் கதை தெரியாது. கல்யாணி ராகப் பாட்டு முடிந்தால் அப்படித்தான் சொல்ல வேண்டும், சுவாமிக்குக் கற்பூரம் காட்டினால் கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் போல, என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருஷம் நவராத்திரிக்கு மாடுங்காவில் ஒரு சின்னக் கோயில் மண்டபத்தில் ஹரீஷுக்குப் பாட வாய்ப்பு வந்தது. மைக், மிருதங்கம், வயலின் எல்லாம் உண்டு. தெரியாத கூட்டம் என்பதால் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன், இன்றைக்கு யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று. எல்லோரும் அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஹரீஷ் உண்மையிலேயே நன்றாகப் பாடினார். அனுபல்லவியில் ஏற வேண்டிய இடத்தில் ஏறினார். முடித்தார். அடுத்த கணம் கைதட்டல் வரவேண்டும்.

முதல் வரிசையில் இருந்து ஜெயா மாமியின் குரல், தனியாக, தெளிவாக, ரயில்வே அறிவிப்பு போல:

"தேறாது. திரும்பப் பண்ணு."

மிருதங்கக்காரர் அதிர்ந்து கையை எடுத்தார். அடுத்த கச்சேரிக்கு நேரமாகிறது என்று விழா அமைப்பாளர் மேடையை நோக்கி ஓடி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் ஹரீஷ் கண்ணை மூடிக்கொண்டு பல்லவியை ஆரம்பித்துவிட்டார்.